இரண்டாவது ஆல்பம் போடுகிறீர்களா? முதலில் பழைய மின்னஞ்சல்களைத் தேடுங்கள்

எங்கள் ராக் குழுவின் இரண்டாவது ஆல்பம் வெளியான அன்று இரவு, ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு மாமாக் கடையில் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். தே தாரிக் வந்தது, ரொட்டி வந்தது. நான் கைபேசியைத் திறந்து ஸ்பாட்டிஃபையில் ஆல்பத்தைப் பார்த்தேன். ஏழு மாதம் முன்பே சிங்கிளாக (தனிப் பாட்டாக) வெளியிட்டு, பதினோராயிரம் தடவைக்கு மேல் கேட்கப்பட்ட பாட்டுக்குப் பக்கத்தில் 'ஆயிரத்துக்கும் குறைவு' என்று இருந்தது. ரொட்டி ஆறிப்போனது.

தப்பு என்னுடையது. அதைச் சரிசெய்ய மூன்று வாரம் பிடித்தது. இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான். முதல் ஆல்பம் போடும்போது பின்னால் எதுவும் கிடையாது, எப்படிப் போட்டாலும் ஓடும். இரண்டாவதுக்குப் பழைய பாக்கி உண்டு: பழைய பெயர், பழைய எண்கள், யாரோ ஒருவர் மின்னஞ்சலில் திறந்த பழைய கணக்கு. புதுசு பழசோடு ஒட்ட வேண்டும்.

கிட்டார் வாசிக்கவும் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) மாட்டவும் தெரிந்தவர்களுக்குத்தான் இது. அதெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

படி 1: ஒரு தாள் போடுங்கள்

ஒலிப்பதிவுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. ஒரு கூகிள் ஷீட் திறந்து, இதுவரை நீங்கள் வெளியிட்ட ஒவ்வொரு பாட்டுக்கும் இவற்றை எழுதுங்கள்: ஆங்கில எழுத்தில் தலைப்பு எப்படிப் போட்டீர்கள், பாட்டின் நீளம் நிமிடம் நொடியோடு, ஐஎஸ்ஆர்சி எண் (ஒலிப்பதிவின் அடையாள எண், படி 5இல் வருகிறது), எந்த விநியோகஸ்தர் (பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும் நிறுவனம்) வழியாகப் போனது, அந்தக் கணக்கு யார் மின்னஞ்சலில் இருக்கிறது. எங்களுடையது குழுவை விட்டுப்போன பழைய பேஸ் கிட்டாரிஸ்ட்டின் மின்னஞ்சலில் இருந்தது. நல்லவேளை, சண்டை போட்டுப் பிரியவில்லை.

தலைப்பு எழுத்து விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 'ழ'வை ஆங்கிலத்தில் இசட்-எச் போட்டு எழுதுவதா, வெறும் எல் போதுமா என்று தமிழனுக்குத் தமிழன் மாறும். முதல் ஆல்பத்தில் எப்படியோ, அப்படியே கடைசிவரை.

படி 2: ஒலிப்பதிவு

எல்லாரும் நீளமாக எழுதும் பகுதி. நான் சுருக்கமாக முடிக்கிறேன்.

மென்பொருள் ரீப்பர். 60 நாள் சோதனைக்கு இலவசம், அப்புறம் தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர். இதைவிட விலையுள்ளதை வாங்கினால் பாட்டு நன்றாக வரும் என்று யாராவது சொன்னால் அவர் அதை விற்கிறார் என்று அர்த்தம். மைக்கில் ஷூர் எஸ்எம்57 இரண்டு இருந்தால் கிட்டார் ஆம்ப், ஸ்னேர், உறுமி எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று முதலிலேயே முடிவு செய்து, டிரம்ஸ் பதிவு செய்யும் ஸ்டூடியோவுக்கும் சொல்லிவிடுங்கள். டிரம்ஸுக்கு மட்டும் காசு கொடுத்து ஸ்டூடியோ போனோம், மீதியெல்லாம் என் அறையில். வாசிக்கும்போது பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் துண்டின் அளவு) 128 சாம்பிளில் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது மூன்று மில்லிவினாடிக்கும் குறைவு, காதுக்குத் தெரியாது. மிக்ஸிங்குக்கு 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. மதியம் மூன்று மணிக்கு மேல் இடி மழை வரும் மாதங்களில் குரல் பதிவைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். இடி இடித்தால் இன்டர்ஃபேஸின் வயரைப் பிடுங்குங்கள், பாட்டு நடுவில் இருந்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் சுராவ் (சிறு தொழுகையிடம்) இருந்தால் பாங்கு (தொழுகை அழைப்பு) நேரத்தைச் சுவரில் ஒட்டிவையுங்கள். எங்கள் மூன்றாவது பாட்டின் இரண்டாம் சரணத்தில் ஹெட்ஃபோன் போட்டுக் கூர்ந்து கேட்டால் மெல்லிசாக மக்ரிப் பாங்கு கேட்கும். அதை நீக்கவில்லை. நன்றாகவே இருக்கிறது.

படி 3: உறுமி

தைப்பூசத்துக்குப் பத்துமலை போனவர்களுக்கு உறுமி மேளம் தெரியும். ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்ப்பார்கள், மறுமுகத்தில் அடிப்பார்கள். இதை ராக் பாட்டுக்குள் கொண்டுவரும்போது எங்களுக்கு மூன்று சிக்கல் வந்தது.

கிளிக், அதாவது தாளம் காட்டும் சத்தம், முதல் சிக்கல். ஹெட்ஃபோனில் டிக் டிக் என்று போட்டுக் கொடுத்ததும் உறுமி அண்ணன் கழற்றி வைத்துவிட்டார். "தம்பி, இது நம்மள ஓட்டுது. நாமதான் இத ஓட்டணும்" என்றார். சரிதான். அதனால் வரிசையையே மாற்றினோம். அவர் சுதந்திரமாக வாசித்ததை முதலில் பதிவு செய்து, ரீப்பரில் ஒவ்வொரு தாளச் சுற்றின் முதல் அடியிலும் டெம்போ மார்க்கர் (வேகக் குறி) வைத்தேன். இப்போது கிளிக் அவர் பின்னால் போகிறது. அந்தக் கிளிக்கை டிரம்மருக்குக் கொடுத்தோம். நாலு நிமிடப் பாட்டுக்கு மார்க்கர் வைக்க ஒரு சாயங்காலம் ஆகும். குறுக்குவழி தேடாதீர்கள், தானியங்கிக் கருவிகள் உறுமியின் தேய்ப்பை அடி என்று நினைத்துக் குழம்பிவிடுகின்றன.

அடுத்தது, இரண்டு முகத்துக்கும் இரண்டு மைக் வைத்தால் சத்தம் சன்னமாகிவிடுகிறது. தனித்தனியே கேட்டால் முழங்கும், சேர்த்தால் தகரடப்பா. காரணம் எளிது: மைக் இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து பார்க்கின்றன. ஒன்றுக்குக் காற்று வரும் நேரத்தில் மற்றொன்றுக்குப் போகிறது, சேரும்போது ஒன்றை ஒன்று அடித்துவிடும். ஏதாவது ஒரு டிராக்கில், நடுவில் கோடு போட்ட பூஜ்யம் மாதிரி ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்துங்கள். அவ்வளவுதான். நான் இதைக் கண்டுபிடிப்பதற்குள் மூன்று நாள் தொனியை மாற்றும் ஈக்யூவைத் திருகிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பேஸ் கிட்டார். தேய்ப்பின் முழக்கமும் பேஸும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். எங்கள் உறுமி 80 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் உட்கார்ந்திருந்தது. உறுமி வரும் இடங்களில் மட்டும் பேஸை அந்தப் பகுதியில் 3 டெசிபல் இறக்கினேன். எங்கள் புது பேஸ் கிட்டாரிஸ்ட் இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான்.

படி 4: மாஸ்டரிங்

மிக்ஸ் முடிந்த பாட்டுக்குக் கடைசி மெருகு போடும் வேலை இது. வெளி ஆளிடம் கொடுங்கள். மிக்ஸ் செய்த காதே மாஸ்டர் செய்யக்கூடாது. சத்தத்தில் போட்டி வேண்டாம். ஸ்பாட்டிஃபை பாட்டின் சராசரிச் சத்தத்தை மைனஸ் 14 லஃப்ஸ் அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது, நீங்கள் நசுக்கிக் கொடுத்தால் அது இறக்கிக்கொள்ளும். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

இங்கே ஒன்றை மறக்காமல் கேளுங்கள். சிங்கிளாக ஏற்கெனவே வெளிவந்த பாட்டை ஆல்பத்துக்காக மறுபடி மாஸ்டர் செய்யப்போகிறாரா? செய்தால் அடுத்த படியில் அடிவாங்குவீர்கள்.

படி 5: ஐஎஸ்ஆர்சி, என் கண்ணீர்க் கதை

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்தில் ஓர் அடையாள எண் உண்டு. முதல் ஐந்து, எண்ணைக் கொடுத்தவர் யார் என்பது. அடுத்த இரண்டு, எண் கொடுத்த ஆண்டு. கடைசி ஐந்து, வரிசை எண். இது பாட்டின் ஐசி (அடையாள அட்டை) மாதிரி. ஐசி எண் ஆளோடு போகும், வீடு மாறினால் மாறாது. சிங்கிளில் இருந்தாலும் ஆல்பத்தில் இருந்தாலும் அதே ஒலிப்பதிவுக்கு அதே எண்.

யூபிசி வேறு. அது வெளியீட்டின் எண், கடையில் பொட்டலத்தின் மேல் இருக்கும் பார்கோடு. சிங்கிளுக்கு ஒன்று, ஆல்பத்துக்குப் புதிதாக ஒன்று. நான் இரண்டையும் ஒன்று என்று நினைத்தேன். 'ஆல்பம் புதுசு, எல்லாம் புதுசாகத்தான் வரும்' என்று, விநியோகஸ்தரின் படிவத்தில் ஐஎஸ்ஆர்சி கட்டத்தைக் காலியாக விட்டேன். காலியாக விட்டால் அவர்கள் புது எண் போட்டுவிடுவார்கள். ஆல்பத்தில் இருந்த பாட்டு வேறு ஆளாகிவிட்டது. பழைய எண்ணிக்கை சிங்கிளோடு நின்றுவிட்டது.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம் அடுத்து செய்தது. பதற்றத்தில் பழைய சிங்கிளை நீக்கிவிட்டேன், நீக்கினால் எண்ணிக்கை ஆல்பத்துக்கு நகரும் என்று யாரோ சொன்னார்கள். நகரவில்லை. மக்கள் தங்கள் பிளேலிஸ்ட்டில் சேர்த்து வைத்திருந்த பாட்டு, கேட்க முடியாமல் சாம்பல் நிறமாகிவிட்டது.

சரியான முறை: முதல் படியில் போட்ட தாளைத் திறங்கள். பழைய ஐஎஸ்ஆர்சியை எழுத்துக்கு எழுத்து அந்தக் கட்டத்தில் ஒட்டுங்கள். சிங்கிளுக்குக் கொடுத்த அதே வேவ் கோப்பையே ஏற்றுங்கள். எண் மட்டும் ஒத்துப்போனால் போதாது, ஒலியும் நீளமும் ஒத்துப்போக வேண்டும். எங்கள் இரண்டாவது சிங்கிளுக்கு ஆல்பத்தில் முன்னால் நாலு நொடி உறுமி சேர்த்திருந்தோம், அது கடைசிவரை ஒட்டவே இல்லை. ஆல்பம் வெளியாகி, எண்ணிக்கை இரு இடத்திலும் ஒன்றாகத் தெரிகிறதா என்று பார்த்து, அதற்கப்புறம் வேண்டுமானால் சிங்கிளை நீக்குங்கள். நான் கேட்டால் நீக்கவே வேண்டாம் என்பேன்.

படி 6: கலைஞர் பக்கமும் மொழியும்

பாட்டு ஏற்றும்போது 'இந்தப் பெயரில் ஏற்கெனவே பக்கம் இருக்கிறதா' என்று விநியோகஸ்தர் கேட்பார்கள். பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், உங்கள் பக்கத்தின் இணைப்பை எடுத்து ஒட்டுங்கள். ஸ்பாட்டிஃபைக்குத் தனி, ஆப்பிளுக்குத் தனி.

மொழியைப் பாட்டுப் பாட்டாகக் குறிக்க வேண்டும். எங்கள் ஆல்பத்தில் ஒரு மலாய்ப் பாட்டு இருக்கிறது. 'தமிழ்க் குழுவுக்கு எதற்கு?' என்று ஒரு மாமா கேட்டார். பினாங்குத் தமிழர்களான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் அலீகேட்ஸ் குழுவில் மலாயில் பாடித்தானே நாடு முழுக்கப் போனார்கள் என்றேன். மாமா அவர்களின் ரசிகராம். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

படி 7: உரிமை

பாட்டுக்கான உரிமைப் பணத்தை வசூலித்துத் தரும் மலேசிய அமைப்புகள் மூன்று: இயற்றியவர்களுக்கு எம்ஏசிபி, வாசித்தவர்களுக்கு ஆர்பிஎம், ஒலிப்பதிவின் உரிமையாளர்களுக்கு பிபிஎம். மின்னல் எஃப்எம், ராகா போன்ற வானொலிகளுக்குப் பாட்டை அனுப்பும் முன்பே பதிவு செய்யுங்கள். யாருக்கு எத்தனை சதவீதம் என்று பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், வாட்ஸப்பில் கட்டைவிரல் போதாது. உறுமி அண்ணனுக்கு வாசித்த கூலி மட்டும் கொடுக்கலாம் என்று ஆரம்பத்தில் பேசினோம். ஆனால் இரண்டு பாட்டு அவர் போட்ட அடியிலிருந்துதான் பிறந்தது. அவற்றில் அவர் பெயரும் இயற்றியவர் வரிசையில் இருக்கிறது.

படி 8: வெளியீடு

வெள்ளிக்கிழமை. 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புது வெளியீடுகளுக்கு அந்த நாள்தான். நாலு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கக் குறைந்தது ஏழு நாள் முன்பு அனுப்ப வேண்டும், ஆல்பத்திலிருந்து ஒன்றைத்தான் அனுப்ப முடியும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல், அதில் இணைய முகவரியோ இன்ஸ்டாகிராம் பெயரோ போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தைப்பூச வாரத்தில் வெளியிடலாம், உறுமிக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நான் சொன்னேன். அன்றைக்கு உறுமிக்காரர் எங்கே இருப்பார் என்று டிரம்மர் கேட்டான். தேதியை மாற்றினோம்.

குறுந்தட்டு 300 போட்டோம், ஒன்று 25 வெள்ளி. இன்னும் பாதி என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. டீ-சட்டை தீர்ந்துவிட்டது. உங்களுக்குக் கட்டில் சிறிசு என்றால் நூறு போதும்.

பிற்சேர்க்கை: பாட்டு வரிகள் தமிழ் எழுத்தில் எப்படி வருகின்றன என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஸ்பாட்டிஃபைக்கு வரிகள் மியூசிக்ஸ்மேட்ச் வழியாகப் போகின்றன. அங்கே கணக்கு திறந்து தமிழிலேயே தட்டச்சு செய்து, பாட்டோடு சேர்த்து நேரம் குறிக்கலாம். உறுமி தேய்க்கும் இடங்களில் 'ம்ம்ம்' என்று எழுத வேண்டாம். நான் எழுதிப் பார்த்தேன்.

இன்னொரு பிற்சேர்க்கை: பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். அவர்களுடைய முதல் ஆல்பமே ஒருநாள் காணாமல் போய்விட்டதாம். வருடச் சந்தா வாங்கும் விநியோகஸ்தர்கள் சிலர், சந்தா நின்றால் பாட்டுகளை எல்லாத் தளங்களிலிருந்தும் இறக்கிவிடுவார்கள். சேரும் முன்பே அந்த விதியைப் படியுங்கள். தாளில் 'சந்தா முடியும் நாள்' என்று இன்னொரு கட்டமும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் அந்த நினைவூட்டல் டிரம்மரின் கைபேசியில் இருக்கிறது. நாலு பேரில் ரோட் டேக்ஸை நாள் தவறாமல் புதுப்பிப்பவன் அவன் ஒருவன்தான்.