கொயோட்டி வேட்டைக்குத் துப்பாக்கி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸில் சான் ஏஞ்சலோ பக்கம் போனால் வழியெல்லாம் ஆட்டுப் பண்ணைகள். அமெரிக்காவிலேயே செம்மறியும் வெள்ளாடும் அதிகம் உள்ள மாநிலம் இதுதான். குட்டி போடும் பருவத்தில் ஒரு பண்ணைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் பேச்சு கொயோட்டிக்கு வந்துவிடும். நம்மூர்க் குள்ளநரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் வைக்கத்தக்க விலங்கு அது. மேற்கு மாநிலங்களில் பெரும்பாலும் 10 முதல் 15 கிலோ இருக்கும். கிழக்கே 20 கிலோவைத் தொடுவதும் உண்டு. இந்தியாவில் வேட்டை குற்றம். இங்கே கொயோட்டியைச் சுடப் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு முழுவதும் அனுமதி இருக்கிறது.

இங்கே குடியேறிய நம் ஆட்கள் சிலர், கூட வேலை பார்ப்பவர் கூப்பிட்டார் என்று முதல்முறை வேட்டைக்குப் போய்விட்டு வந்து, “எந்த ரைஃபிள் வாங்கலாம்ணே?” என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: என்ன விசா?

எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் முடிந்த அன்றே விலக்கும் முடிந்தது. நண்பருடைய துப்பாக்கியைச் சும்மா வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் ‘வைத்திருப்பது’ என்ற கணக்கில்தான் சேரும். இது தெரியாமல் மாட்டினால் குடியுரிமைக் கனவே போய்விடும். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

சரி, துப்பாக்கிக்கு வருவோம்.

வேக அட்டவணையைப் பார்த்து மயங்குவது

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. .223 ரெமிங்டன் என்ற தோட்டா வகையில் 55 கிரெய்ன் (15 கிரெய்ன் ஏறக்குறைய ஒரு கிராம்) எடைக் குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 3,240 அடி வேகத்தில் கிளம்பும். அதே எடைக் குண்டு .22-250 ரெமிங்டனில் 3,650 அடியைத் தாண்டும். 2004-இல் வந்த .204 ரூகரின் 32 கிரெய்ன் குண்டு 4,200 அடி. இதைப் படித்ததும் “வேகமானதுதானே நல்லது” என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

இந்த எண்களைத் தரையில் இறக்கிப் பாருங்கள். .223, .22-250 இரண்டையும் 200 கஜத்தில் குறி சரியாக விழும்படி அமைத்துக்கொள்வோம். 300 கஜத்தில் .223 குண்டு 7 அங்குலம் போலக் கீழே விழும், .22-250 குண்டு 5 அங்குலம் போல. ஆக வித்தியாசம் இரண்டு அங்குலம். 150 கஜத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவுமே இல்லை. காயம்பட்ட முயல் கத்துவது போல ஊதி அழைத்தால் வருகிற கொயோட்டியை, டெக்சாஸ் முட்காட்டில், பெரும்பாலும் 150 கஜத்துக்குள்தான் சுடுவோம். பல நேரம் 50 கஜத்தில் புதருக்குள்ளிருந்து தலை நீட்டும். அந்த இடத்தில் கூடுதல் வேகத்துக்கு வேலை இல்லை. அதற்கான விலை மட்டும் இருக்கிறது: குழல் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் தேயும், தோட்டாவுக்கும் கூடுதல் செலவு. ராணுவத் தோட்டாவின் உடன்பிறப்பு என்பதால் .223 மலைபோல் தயாராகிறது, அதனால் மலிவு.

.22-250-ஐ நான் குறை சொல்லவில்லை. வயோமிங், நெவாடா மாதிரி மரமே இல்லாத, காற்று ஓயாத வெட்டவெளியில் 300 கஜத்துக்கு மேல் சுட வேண்டியவர்களுக்கு அது அருமையான தோட்டா. நீங்கள் எங்கே உட்காரப் போகிறீர்கள் என்பதை முதலில் பார்த்துவிட்டுத் தோட்டாவைத் தேர்ந்தெடுங்கள்.

‘நரிதானே’ என்று சின்னதை எடுப்பது

கொயோட்டியின் உடம்பில் பாதி ரோமம். குளிர்காலத்தில் பார்த்தால் பெரிய நாய் போலத் தெரியும். ஆனால் பக்கவாட்டில் நிற்கும்போது இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் அரைச் சாண் அகலம்தான். அது தவறினால், மூன்று காலில் பல மைல் ஓடக்கூடிய பிடிவாதம் அதற்கு உண்டு.

அதனால்தான் .22 எல்.ஆர். என்ற சின்னத் தோட்டாவை இதற்குப் பயன்படுத்துவதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். இன்னொரு சின்னத் தோட்டாவான .17 எச்.எம்.ஆர். வேகமானது, துல்லியமானது, உண்மை. ஆனால் அதன் 17 கிரெய்ன் குண்டின் ஆற்றல் குழல்வாயிலேயே ஏறக்குறைய 245 அடி-பவுண்டு. .223-இல் அது ஐந்து மடங்குக்கும் மேல். காற்றும் .17-ஐத் தூக்கிக்கொண்டு போகும்: மணிக்கு 10 மைல் பக்கக் காற்றில் 200 கஜம் போவதற்குள் ஓர் அடி விலகிவிடும். அரைச் சாண் இலக்கில் ஓர் அடி என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அனுபவசாலிகள் மிகக் கிட்டத்தில் அதைப் பயன்படுத்துகிறார்கள். முதல் துப்பாக்கியாக வேண்டாம்.

மறுபக்கம், மான் வேட்டைக்கு வாங்கிய .308-ஐயோ .30-06-ஐயோ தூக்கிக்கொண்டு வருபவர்கள். விலங்கு விழும், சந்தேகமில்லை. ஆனால் பின்னுதை பலமாக இருப்பதால் சுட்ட கணத்தில் ஸ்கோப்பில், அதாவது துப்பாக்கி மேல் பொருத்தும் தொலைநோக்கியில், எதுவும் தெரியாது. குண்டு எங்கே பட்டது, இரண்டாவது கொயோட்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்க்க முடியாது. ரோமத்துக்காக வேட்டையாடுபவர்களுக்குத் தோலும் கிழிந்துவிடும். மான், கொயோட்டி இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி வேண்டும் என்றால் .243 வின்செஸ்டர் சரியான நடுவழி. 1955-இல் வந்தது, .308-இன் கழுத்தைச் சுருக்கிச் செய்தது. கொயோட்டிக்கு 58 கிரெய்ன், மானுக்கு 95 அல்லது 100 கிரெய்ன் என்று குண்டை மாற்றிக்கொள்ளலாம். குண்டை மாற்றினால் குறியையும் புதிதாக அமைக்க வேண்டும், அதை மட்டும் மறக்கக் கூடாது.

குண்டைப் பற்றி யோசிக்காமலே இருப்பது

காலிபரை, அதாவது தோட்டா எந்த அளவு என்பதை, மாதக்கணக்கில் யோசித்தவர்கள், கடைசியில் கையில் கிடைத்த தோட்டாப் பெட்டியை எடுத்து வருகிறார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் செய்தேன். முழுவதும் உலோக உறை போட்ட ராணுவ வகைக் குண்டு, மலிவு என்று வாங்கினேன். அது விரியாமல் ஊசி போலத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. கொயோட்டி ஓடியது. மெஸ்கீட் புதர்களுக்குள், அதாவது நம் சீமைக் கருவேலத்தின் பங்காளி மரத்துக்குள், இருட்டும் வரை ரத்தத் துளிகளைத் தேடி நடந்தேன். கிடைக்கவில்லை. அந்த விலங்கு எப்படிச் செத்திருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை. இப்படிப்பட்ட குண்டை வேட்டைக்குப் பயன்படுத்தச் சில மாநிலங்கள் தடையே விதித்திருக்கின்றன. பட்டவுடன் விரியும் 50 அல்லது 55 கிரெய்ன் வேட்டைக் குண்டு வாங்குங்கள். அது தரையில் பட்டாலும் பெரும்பாலும் சிதறிவிடும், எகிறிப் போகும் ஆபத்து குறைவு.

பெட்டியில் 5.56 நேட்டோ (.223-இன் ராணுவ உடன்பிறப்பு இதுதான்) என்று போட்டிருந்தால், குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். .223 என்று மட்டும் இருந்தால் அதில் 5.56 தோட்டாவைச் சுடக் கூடாது. வெளியளவு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே அழுத்தம் கூடிவிடும். குழலில் தோட்டா உட்காரும் அறை 5.56 அளவிலோ, .223 வைல்ட் என்ற அளவிலோ இருந்தால் இரண்டையும் சுடலாம்.

அப்புறம் ட்விஸ்ட். குழலுக்குள் இருக்கும் சுருள் வரி எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை குண்டைச் சுழற்றுகிறது என்பதன் கணக்கு. பழைய .223 ரைஃபிள்கள் பலவற்றில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, .22-250-இல் வழக்கமாக 14-க்கு ஒன்று. இவற்றில் 70 கிரெய்னுக்கு மேற்பட்ட நீளமான குண்டைப் போட்டால் அது நிலைகொள்ளாமல் தடுமாறும், குறி சிதறும். துப்பாக்கியில் கோளாறு என்று நினைத்து விற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். 8-க்கு ஒன்று இருந்தால் லேசானதும் கனமானதும் போகும்.

கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. அங்கே இருப்பவர்கள் ஈயம் இல்லாத குண்டைத் தங்கள் குழல் ஏற்கிறதா என்று சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் துப்பாக்கியை முடிவு செய்ய வேண்டும்.

ஸ்கோப்பில் பெரிதாக்கிக்கொண்டே போவது

24 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப், அதைத் தாங்கப் பருமனான குழல், மொத்தம் 5 கிலோ. மேசையில் வைத்துச் சுட நன்றாக இருக்கும். ஒரு காலையில் ஆறேழு இடம் நடந்து மாறி உட்காரும்போது மூன்றாவது இடத்திலேயே கை ஓய்ந்துவிடும். 40 கஜத்தில் ஓடி வரும் கொயோட்டி அந்த ஸ்கோப்பில் வெறும் ரோமமாகத் தெரியும், தலை எது வால் எது என்று புரியாது. 3 முதல் 9 மடங்கு போதும். உட்காரும்போது 3-இல் வையுங்கள்.

எது கொயோட்டி என்று தெளிவாகத் தெரிவதற்கும் அந்த அகலப் பார்வை உதவும். வட கரோலினாவின் கிழக்குக் கரையில் மிச்சமிருக்கும் சிவப்பு ஓநாய்களில் சில, கொயோட்டி என்று நினைத்துச் சுடப்பட்டிருக்கின்றன. பண்ணை நாய்களும் அப்படிச் செத்ததுண்டு. விலங்குக்குப் பின்னால் மண்மேடு தெரியவில்லை, வானம்தான் தெரிகிறது என்றாலும் சுட வேண்டாம்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: .223-இல் சாதாரண எடையுள்ள ஒரு போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைஃபிள்), 8 அல்லது 9-க்கு ஒரு சுற்று, 3-9 ஸ்கோப். மிச்சப் பணத்துக்கு ஒரே வகைத் தோட்டாவாக 200 வாங்குங்கள். 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே விழும்படி குறி வையுங்கள், 200-இல் சரியாக வந்து நிற்கும். அதன்பின் மேசையை விட்டு எழுந்து, தரையில் உட்கார்ந்து, துப்பாக்கியைக் கவைக்கோலில் சாய்த்து, உள்ளங்கை அளவு இரும்புத் தகட்டைச் சுட்டுப் பழகுங்கள். பத்தில் ஒன்பது எந்தத் தூரத்தில் படுகிறதோ, இந்தப் பருவத்துக்கு உங்கள் எல்லை அதுதான்.