‘டவுன்லோட்’ பட்டனை அழுத்தும் முன் மூலையைப் பாருங்கள்

மென்பொருள் இறக்கும் பக்கத்தில் நாலைந்து ‘டவுன்லோட்’ பட்டன்கள் இருந்தால், எதையும் அழுத்தாமல் மவுஸை மட்டும் ஒவ்வொன்றின் மேலும் நிறுத்துங்கள். பிரவுசரின் கீழ் மூலையில் அது போகும் முகவரி தெரியும். அதில் ‘டபுள்கிளிக்’, ‘கூகுள் ஆட் சர்வீசஸ்’ போன்ற பெயர் வந்தால் அது விளம்பரம், தொட வேண்டாம். கைப்பேசியில் பட்டனை அழுத்திப் பிடித்தால் முகவரி வரும்.

பட்டனின் நிறத்தையும் எழுத்தையும் யார் வேண்டுமானாலும் அசலைப் போல அமைத்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு கணக்கிட வேண்டுமே! அதனால் விளம்பர இணைப்பு பெரும்பாலும் விளம்பர நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான் போகும். இப்படி முகவரியைப் பார்த்து அழுத்தினால், தவறான மென்பொருள் ஏறிய கணினியைச் சுத்தம் செய்ய கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசா வரை தூக்கிக்கொண்டு போகும் செலவும் அலைச்சலும் மிச்சம்.

சில பட்டன்களில் முகவரியே தெரியாது. நேர்மையான தளங்களும் கோப்பை வேறு சர்வரில் வைத்திருப்பதுண்டு, ஆகவே முகவரி வேறாக இருப்பதாலேயே போலி என்று முடிவு கட்டக்கூடாது. அப்படிக் குழப்பமாக இருந்தால் தயாரித்தவர்களின் சொந்தத் தளத்துக்கே போங்கள். வீடியோ பார்க்க உதவும் விஎல்சி மென்பொருள் வேண்டுமென்றால் வீடியோலேன் டாட் ஆர்க். முகவரியை நீங்களே தட்டச்சு செய்வது நல்லது, ஏனென்றால் கூகுள் தேடலில் முதலில் வருவதும் விளம்பரமாக இருக்கலாம்.

ஏற்கனவே தவறான ஒன்றை நிறுவி, வங்கி விவரமும் கொடுத்து, பணம் போய்விட்டதா? இந்தக் குறிப்பு உதவாது. உடனே வங்கியையோ, மலேசியாவின் தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள்.