தென்பெண்ணை மீன்களில் ஹார்மோன் பாதிப்பைக் கண்டறிவது எப்படி?

ஓசூர் அருகே தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கெலவரப்பள்ளி அணையின் நுரையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். நுரை தருவது சோப்புப் பொருட்கள். அவற்றில் சில சிதைந்து உண்டாகும் நோனைல்ஃபீனால்தான் மீனுக்குள் பெண் ஹார்மோன்போல வேலை செய்யும். நுரையே இல்லாத தண்ணீரிலும் அது இருக்கலாம்.

சோதனைக்கு ஜிலேபி மீனை எடுக்காதீர்கள். பண்ணைகளில் ஹார்மோன் தீவனம் கொடுத்தே குஞ்சுகளை ஆணாக்குகிறார்கள், தண்ணீர்ச் சூடும் அதன் பாலினத்தை மாற்றும். கொசு ஒழிப்புக்கு விட்ட கம்பூசியாதான் சரி. ஆணின் அடித்துடுப்பு குச்சிபோல நீண்டிருக்கும், பெண்ணுக்குக் குட்டை. ஆண் ஹார்மோன் தன்மையுள்ள கழிவு கலந்தால் பெண்ணுக்கும் நீளும். 10 மடங்கு லென்ஸில் பார்த்து, அந்தத் துடுப்பைத் தாங்கும் மெல்லிய கதிர்களில் 4-வதன் நீளத்தை 6-வதன் நீளத்தால் வகுங்கள். விகிதம் கூடினால் துடுப்பு நீண்டிருக்கிறது என்று பொருள். இது ஆண் ஹார்மோன் தன்மையுள்ள கழிவைத்தான் காட்டும், நோனைல்ஃபீனாலை அல்ல. வயிற்றில் கரும்புள்ளி தெரியும் சினைப் பெண் மீன்களை மட்டும் அளவிடுங்கள். வளரும் ஆண் குஞ்சுகள் கணக்கைக் கெடுத்துவிடும்.

ஒப்பிட மழைநீர் ஏரி வேண்டும். பாரூர் ஏரி உதவாது, அதற்கும் தென்பெண்ணைத் தண்ணீரே வருகிறது. இரண்டு இடத்திலும் ஒரே மாதம், ஒரே நீளமுள்ள மீன்களைப் பிடியுங்கள்.

ஓர் இனம் தப்பியதால் எல்லாம் நலம் என்று எண்ண வேண்டாம். கனடாவில் 2001 முதல் 2003 வரை ஓர் ஏரியில் லிட்டருக்கு 5-6 நானோகிராம் கருத்தடை மாத்திரை ஹார்மோனைக் கலந்தார்கள். குறைந்த ஆயுளுள்ள கொழுத்தலை மின்னோ என்ற சிறு மீனின் கூட்டம் ஏறக்குறைய அழிந்தது. நீண்ட ஆயுளுள்ள டிரவுட் என்ற பெரிய மீன் அப்படிச் சரியவில்லை. ஆகவே பெரிய கெண்டைகள் கிடைக்கிற இடத்திலும் சிறு மீன்களைத் தனியே எண்ணுங்கள்.