வீட்டில் வேதியியல் செய்து காட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுரை பீறிட்டு எழுவதையும் சுடர் பச்சையாக மாறுவதையும் நேரில் கண்ட குழந்தைக்கு வேதியியலின் மேல் எளிதில் ஆசை பிறந்துவிடுகிறது. அந்த ஆசை மதிக்கத்தக்கது. ஆயினும், கண்ணைக் கவரும் செய்முறைகள் பலவும் நொடிகளில் ஆற்றலை வெளியிடுபவை என்பதால், அவற்றில் கைத்தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள நேரமே இருக்காது.

இவற்றுள் மிகக் கொடியது, தீயின் அருகே மெத்தனால் என்னும் ஆல்கஹாலைப் புட்டியிலிருந்து ஊற்றுவது. உலோக உப்புகளை மெத்தனாலில் நனைத்துக் கொளுத்தி வண்ணச் சுடர்களைக் காட்டுவோர், சுடர் மங்கியதும் இன்னும் சிறிது ஊற்ற முனைகிறார்கள். மெத்தனால் சுமார் 11 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியை வெளிவிடும். அதன் வெளிர்நீலச் சுடரோ பகல் வெளிச்சத்தில் ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நம்பி ஊற்றும்போது, தீ ஆவியைப் பற்றிக்கொண்டு புட்டிக்குள் ஏறி, உள்ளிருக்கும் திரவத்தை எரிதழலாக வெளியே பீய்ச்சுகிறது. 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில், வகுப்பறையில் இவ்வாறு கிளம்பிய தீ ஏறத்தாழ 12 அடி பாய்ந்து ஒரு மாணவரின் மார்பைத் தாக்கியது. ஆசிரியர் முன்னிலையிலேயே இது நேர்ந்திருக்க, வீட்டில் மெத்தனாலைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் ஊறவைத்த மரக்குச்சியின் நுனியை, பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் பர்னர் சுடரில் காட்டினாலே பச்சை நிறம் தெரிந்துவிடும்.

‘யானைப் பற்பசை’ எனப்படும் நுரைச் செய்முறையில் நேரும் தவறு செறிவைப் பற்றியது. மருந்துக்கடையில் கிடைக்கும் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடும் ஈஸ்ட்டும் சேர்ந்தால் மிதமாகப் பொங்கும் நுரை குழந்தைகளுக்குப் போதுமானது. காணொளிகளில் கூரை வரை எழும் நுரைக்கு ஆசைப்பட்டு 30 சதவீதக் கரைசலை வாங்குவோர், தோலைச் சுட்டு வெளுக்கச் செய்வதும் கண்பார்வையைப் பறிக்கவல்லதுமான ஒரு பொருளை வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். நீர்த்த கரைசலுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி தேவை. மூக்குக்கண்ணாடி அதற்கு ஈடாகாது.

உலர்பனியை, அதாவது உறைந்த கார்பன் டைஆக்சைடை, மூடியிட்ட புட்டியில் அடைக்கவே கூடாது. வாயுவாக மாறும்போது அது புட்டியை வெடிக்கச் செய்யும். கழிவறை அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ‘என்ன ஆகிறது பார்ப்போம்’ என்று கலப்பவர் குளோரின் வாயுவைச் சுவாசிக்க நேரிடும்.

வியப்பூட்டப் பெரிய தீ வேண்டும் என்ற எண்ணமும் தவறே. மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் இளையோருக்கு ஆற்றிய சொற்பொழிவுகளுக்கு ஒரு மெழுகுவர்த்தியே பொருளாயிற்று. காற்றசைவற்ற அறையில், பெரியவர் ஒருவர் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த உடனே, எழும் வெண்புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டினால், சுடர் புகை வழியே இறங்கித் திரியைத் தானே பற்றிக்கொள்ளும். மெழுகிலும் எரிவது ஆவிதான் என்பதை அதைக் கொண்டே குழந்தைக்கு விளக்கலாம். மெத்தனால் புட்டியை ஏன் தீயருகே கொண்டுபோகக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.