வான் வண்டியில் சோலர் பூட்டுகிறவர்களுக்கு: பிஎம்எஸ் தெரிவுசெய்யும் முறை

வானுக்குள் படுக்கையும் குளிர்பெட்டியும் வைத்து, கூரையில் சோலர் பனல் பூட்டி, நிலாவெளி, புல்மோட்டைப் பக்கம் போய்த் தங்க நினைப்பவர்கள் பனலுக்கும் பற்றரிக்கும் நிறையவே யோசிக்கிறார்கள். பற்றரியைக் காக்கும் மின்பலகையான பிஎம்எஸ்ஸை (BMS) மட்டும் கடைக்காரர் தருவதை வாங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் கவனித்து, ஆபத்து வந்தால் பற்றரியைத் துண்டிப்பது அதுதான். திருகோணமலை வெயிலில் அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

படி 1: செல் வகை

வானுக்கு ஏற்றது லித்தியம் இரும்பு பொஸ்பேற்று. ஒரு செல் 3.2 வோல்ட், நான்கைத் தொடராக இணைத்தால் 12.8. இந்தச் செல்லின் மேல் எல்லை 3.65 வோல்ட். மற்ற லித்தியம் வகைக்கான பிஎம்எஸ் 4.2 வரை விட்டுவிடும், ஆகவே அதை வாங்கவே கூடாது.

படி 2: எத்தனை அம்பியர்?

உங்களிடம் உள்ள மிகப் பெரிய சுமையிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். 1000 வாட் இன்வேர்ட்டர் என்றால், 1000 ÷ 12.8 = 78 அம்பியர். இன்வேர்ட்டரில் வீணாவதைச் சேர்த்தால் 87 அளவில் வரும். பற்றரி இறங்க இறங்க இன்னும் கூடும், அதோடு குளிர்பெட்டி, பேன். ஆக 100 அம்பியர் பிஎம்எஸ் விளிம்பில் நிற்கும். நான் 150 எடுக்கச் சொல்வேன். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண் உச்ச அளவாகவும் இருக்கலாம். தொடர்ச்சியாக எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள். செல்களும் அவ்வளவு தரக்கூடியவையா என்று பாருங்கள்.

படி 3: வெப்பமும் உப்பும்

கச்சான் காற்று வீசும் மாதங்களில், வெயிலில் நிறுத்திய வானின் உள்ளே கை வைக்க முடியாது. எனவே வெப்ப உணரி உள்ள பிஎம்எஸ்தான் வேண்டும். உணரியின் முனையைச் செல்லின் உடலில் ஒட்டுங்கள்; வயரோடு சும்மா தொங்கவிட்டால் அது காற்றின் சூட்டைத்தான் சொல்லும். பிஎம்எஸ்ஸும் சூடாகும், அதனால் சீற்றுக்கு அடியில் துணிமணிக்குள் புதைக்காமல் காற்றுப் படும் இடத்தில் பூட்டுங்கள். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போனால் சார்ஜைத் துண்டிக்கும் வசதி இங்கே தேவைப்படாது. நுவரெலியாவில் உறைபனிக் காலத்தில் தங்குவதென்றால் வேறு கதை.

கடற்கரையில் நிற்கும் வானில், செல்களிலிருந்து வரும் மெல்லிய வயர்களைப் பிஎம்எஸ்ஸில் குத்தும் செருகியின் ஊசிகளில்தான் முதலில் பச்சை படியும். பிஎம்எஸ் பலகை முழுவதும் பூசி மூடியதாக வாங்குங்கள்.

படி 4: சமப்படுத்தல்

எல்லாச் செல்களின் சார்ஜையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவதுதான் சமப்படுத்தல். புதிய, ஒரே தொகுதிச் செல்களுக்குச் சாதாரண வகை போதும். பழைய செல்களைக் கலந்து கட்டினால் கூடிய செல்லிலிருந்து குறைந்த செல்லுக்கு 1 அம்பியராவது நகர்த்தும் வகை வேண்டும்.

படி 5: கொழுவுதல்

முதலில் தடித்த மறை வயர், அப்புறம் மெல்லிய வயர்கள். செருகியைப் பிஎம்எஸ்ஸில் குத்துவதற்கு முன், மறை முனையிலிருந்து ஒவ்வொரு ஊசியையும் மீற்றரால் அளவிடுங்கள். 3.3, 6.6, 9.9, 13.2 என்று ஏறிக்கொண்டே போனால் சரி. ஒன்று மாறியிருந்தாலும் பிஎம்எஸ் எரியலாம். நேர்ப் பக்கத்தில் பியூஸ் கட்டாயம்.

சோலர் கொன்ட்ரோலரில் பற்றரியை முதலிலும் பனலைப் பிறகும் கொழுவுங்கள். சார்ஜ் எல்லையை 14.2 வோல்ட்டில் வையுங்கள். தினமும் சார்ஜை நிறுத்துவது கொன்ட்ரோலரின் வேலை. பிஎம்எஸ் அது தவறும்போது மட்டும் துண்டிக்க வேண்டும்.

ஓடும்போது இஞ்சினிலிருந்தும் சார்ஜ் ஏற்றுவதானால் இடையில் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். நேரே கொழுவிய நிலையில் பிஎம்எஸ் திடீரென்று துண்டித்தால், எழும் வோல்ட்டில் இஞ்சின் சுழற்றும் மின்பிறப்பாக்கியான அல்டர்னேட்டரின் டயோட் போய்விடலாம்.