காசிமேட்டுக்குக் கள ஆய்வுக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மானிடவியல் மாணவர்கள் கோடை விடுமுறையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வருகிறார்கள். ஒவ்வொரு அணியும் அதே தவறுகளைச் செய்கிறது. கேட்காமல் படம் எடுப்பது போன்றவற்றை ஊர்க்காரர்களே திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பார்த்ததோடு தீர்ப்பைக் கலந்து எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு மாணவரின் குறிப்பேட்டில், "ஆண்கள் பகலெல்லாம் சோம்பிக் கிடக்கிறார்கள், பெண்கள்தான் உழைக்கிறார்கள்" என்று இருந்தது. அவர் வந்தது மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. அது தெரியாமல் வந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எத்தனை பேர், எங்கே, என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டேன். குறிப்பில் ஒரு வரி இல்லை.

மறுநாள் அதே இடத்துக்கு அவரை அழைத்துப் போனேன். நான்கு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பத்தடி தள்ளி ஒரு பெரியவர் கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, கண்ணி கண்ணியாகப் பின்னிக்கொண்டிருந்தார். அதற்கப்பால் இருவர் படகுக்கு வர்ணம் பூசினார்கள். முதல் நாளும் இவர்கள் அங்கே இருந்திருக்கக்கூடும். "சோம்பல்" என்று எழுதிவிட்டதால் இனி அறிய வழியில்லை. முடிவு தவறினால் திருத்தலாம். காட்சியையே எழுதாதபோது எதை வைத்துத் திருத்துவது? அந்த விடுமுறை முழுவதும் வீணாயிற்று.

பசிபிக்கின் டிரோபிரியாண்டு தீவுகளைப் பற்றி 1922-இல் வெளியிட்ட நூலின் முன்னுரையிலேயே மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி இதை வற்புறுத்தினார்: கண்டதும் மக்கள் சொன்னதும் வேறு, ஆய்வாளரின் ஊகம் வேறு. பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் கண்டதும் கேட்டதும், வலப்பக்கம் உங்கள் எண்ணம்.

"மூடநம்பிக்கை" என்று முடித்துவிடுவது

படகின் முகப்பில் கற்பூரம் காட்டுகிறவரே டீசலையும் ஜிபிஎஸ் கருவியையும் சரிபார்க்கிறார். மத்திய ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றி மானிடவியலாளர் இவான்ஸ்-பிரிட்சார்ட் 1937-இல் எழுதியது இங்கே உதவும். தானியக் களஞ்சியம் சரிந்து அடியில் இருந்தவர்கள் காயம்பட்டால், சரிந்ததற்குக் கரையான்தான் காரணம் என்பது அசாண்டேக்களுக்குத் தெரியும். குறிப்பிட்ட இந்த ஆட்கள் அடியில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் ஏன் சரிந்தது என்ற கேள்விக்குத்தான் சூனியத்தை விடையாகச் சொன்னார்கள். கற்பூரம் எந்தக் கேள்விக்கு விடை என்று விசாரியுங்கள்.

சங்கத் தலைவரிடம் மட்டும் பேசுவது

போதாது. ஐஸ் உடைப்பவரிடமும் கூடைக்காரம்மாவிடமும் பேசுங்கள்.

பெயரை மாற்றிவிட்டுப் படகு எண்ணை அப்படியே விடுவது

துறைமுகத்தில் எண்ணைச் சொன்னால் ஆளைச் சொல்லிவிடுவார்கள். எண்ணையும் மாற்றுங்கள்.