காரோடு வந்த நேவிகேஷன் தடுமாறினால் உடனே செய்யக் கூடாதவை

என் மாமனார் காரில் நடந்தது. சென்னையிலிருந்து சேலம் போகிறோம், கார் உளுந்தூர்பேட்டையைத் தாண்டிவிட்டது, திரையில் அம்புக்குறி மட்டும் இன்னும் விழுப்புரத்திலேயே நிற்கிறது. ஊருக்குப் போனதும் ஒரு கடையில் காட்டினோம், ஐந்து நிமிடம் கூடப் பார்க்காமல் "ஸ்டீரியோ போயிடுச்சு சார், மொத்தமா மாத்திடலாம்" என்றார்கள். மாமாவும் சரி என்று தலையாட்டிவிட்டார். நல்லவேளை அன்றைக்கு அவர்களிடம் சரக்கு இல்லை. கடைசியில் கோளாறு ஸ்டீரியோவிலேயே இல்லை. அது எங்கே இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எல்லோரும் செய்யும் முதல் தவறு, 'நேவிகேஷன் வேலை செய்யவில்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது. அதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன: கார் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் ஜிபிஎஸ், சாலைகளைக் காட்டும் வரைபடம், இரண்டையும் ஓட்டும் பெட்டி, அதாவது அந்த ஸ்டீரியோ. அம்புக்குறி நகரவில்லை என்றால் ஜிபிஎஸ்ஸைப் பாருங்கள். அம்புக்குறி நன்றாக நகர்கிறது, ஆனால் புது பைபாஸில் போகும்போது வயலுக்குள் ஓடுவது போலக் காட்டுகிறது என்றால் வரைபடம் பழசு, அவ்வளவுதான். தொட்டால் திரை அசையவே இல்லை என்றால் பெட்டி உறைந்துவிட்டது. அதற்குப் பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாலே பல கார்களில் அணைந்து திரும்ப வந்துவிடும். எடுத்த எடுப்பிலேயே ஃபேக்டரி ரீசெட் கொடுக்காதீர்கள், சேமித்து வைத்த முகவரிகள் எல்லாம் போய்விடும், உண்மையான கோளாறும் அப்படியே இருக்கும்.

பல கார்களில் செட்டிங்ஸுக்குள் எத்தனை செயற்கைக்கோள் கிடைக்கிறது என்று காட்டும் ஒரு பக்கம் இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள். இடத்தைச் சரியாகக் கணக்கிடக் குறைந்தது நான்கு வேண்டும். இதை அடுக்குமாடி அடித்தளப் பார்க்கிங்கிலோ வேப்பமரத்தடியிலோ நின்று பார்த்துவிட்டு 'சிக்னலே இல்லை' என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. மேலே வானம் தெரியும் மைதானத்துக்குப் போய் வண்டியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பேட்டரி மாற்றியிருந்தாலோ வண்டி பல வாரம் நின்றிருந்தாலோ இன்னும் பொறுமை வேண்டும், ஏனென்றால் செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையும் இறங்கவே பன்னிரண்டரை நிமிடம் ஆகும். கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். ஓட்டிக்கொண்டே மெனுவைத் துழாவுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இப்போது மாமா காருக்கு வருகிறேன். மைதானத்தில் நிறுத்திப் பார்த்தபோதும் ஒன்று இரண்டு செயற்கைக்கோள்தான் வந்து வந்து போனது. அப்புறம்தான் கேட்டேன், "மாமா, சமீபத்துல வண்டியில புதுசா என்ன போட்டீங்க?" டேஷ்கேம், அதாவது முன்னால் சாலையைப் படம் பிடிக்கும் கேமரா. அதன் சார்ஜரைப் பிடுங்கியதும் ஒரே நிமிடத்தில் எண்ணிக்கை ஒன்பதுக்கு ஏறியது. ஜிபிஎஸ் சிக்னல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிறது, நம்மிடம் வந்து சேரும்போது அதில் உயிரே இருக்காது. விலை குறைந்த சார்ஜர்கள் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும்போது ரேடியோ இரைச்சலைக் கிளப்பும், அந்த இரைச்சலில் இந்தச் சன்னமான சிக்னல் மூழ்கிவிடும். பல கார்களில் சிக்னலைப் பிடிக்கும் ஆன்டெனா டேஷ்போர்டின் மேல்பலகைக்குள்ளேயே இருப்பதால், அதற்கு மேலே கண்ணாடியில் ஒட்டிய கேமராவே கூடக் கெடுக்கும். ஆகவே காசு செலவழிக்கும் முன்னால், பிறகு மாட்டிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள்: டேஷ்கேம், சார்ஜர், மோதிவிடாமல் இருக்கப் போட்ட சென்சார், வண்டியைக் கண்காணிக்கும் டிராக்கர். முன்கண்ணாடியில் உலோகம் கலந்த ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதுவும் சிக்னலை மறைக்கும்.

ஸ்டீரியோவைக் கழற்றி மாட்டிய பிறகு கோளாறு வந்ததா? பெரும்பாலும் ஆன்டெனா ஒயர் சரியாக அழுந்தியிருக்காது. பல கார்களில் ஜிபிஎஸ்ஸுக்கான கனெக்டர் நீல நிறத்தில் இருக்கும். 'டக்' என்று சத்தம் வரும் வரை அதை அழுத்தச் சொல்லுங்கள்.

எஸ்டி கார்டில் வரைபடம் வரும் கார் என்றால் இதைக் கவனமாகப் படியுங்கள். அந்தக் கார்டை எடுத்து, உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று ஃபோனில் போடாதீர்கள். ஃபோன் தன் பாட்டுக்குச் சில ஃபோல்டர்களை எழுதி வைக்கும், சில சமயம் ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும், கை தவறி ஆமாம் என்று அழுத்தினால் போச்சு. வேறு கார்டில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு சமாளிக்கலாம் என்றால் அதுவும் நிறைய கார்களில் நடக்காது, அந்தக் குறிப்பிட்ட கார்டின் அடையாள எண்ணோடு வரைபடத்தைப் பூட்டியிருப்பார்கள். அப்டேட் போடும்போது பாதியில் இக்னிஷனை அணைப்பதும் பெட்டியையே முடக்கிவிடக் கூடும். எஞ்சினை ஓட விட்டு அப்டேட் செய்யச் சொல்லியிருந்தால் வண்டியை வெளியே நிறுத்திச் செய்யுங்கள், மூடிய ஷெட்டுக்குள் புகை உயிரையே எடுத்துவிடும்.

கோளாறே இல்லாததைக் கோளாறு என்று நினைப்பதும் உண்டு. கத்திப்பாராவில் மேம்பாலத்தின் மேலே போகும்போது, கீழே இருக்கும் சாலையில் போவதாக நினைத்துக்கொண்டு 'இடதுபுறம் திரும்பவும்' என்று சொல்லும். திறந்த வெளியிலேயே ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் வரை தவறலாம், உயரத்தில் இன்னும் மோசம். மேலே, கீழே என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் சுரங்கப்பாதையில் அம்புக்குறி காருக்கு முன்னாலோ பின்னாலோ ஓடுகிறது என்றால் கவனியுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் சக்கரத்தின் வேகத்தையும், வண்டி திரும்புவதை உணரும் கைரோ சென்சாரையும் வைத்துத்தான் அது இடத்தை ஊகிக்கிறது. டயர் அளவை மாற்றியிருந்தால் அந்தக் கணக்கு பிசகும். சில பெட்டிகள் கொஞ்ச தூரம் ஓட்டினால் தானே திருத்திக்கொள்ளும், சிலவற்றில் மெனுவில் போய் கேலிப்ரேஷன் (கணக்கைச் சரிசெய்வது) செய்ய வேண்டும்.

தேதி மட்டும் இருபது வருஷம் பின்னால் போனால் பேட்டரியையும் பெட்டியையும் மாற்றாதீர்கள். ஜிபிஎஸ் வாரங்களை எண்ணிக்கொண்டே வந்து 1,024 ஆனதும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது. இந்த வாரக் கணக்கைப் பழைய மென்பொருள் தப்பாகப் புரிந்துகொண்டால் இப்படி ஆகும். 2022 ஜனவரியில் அமெரிக்காவில் பல ஹோண்டா, அக்யூரா கார்களின் கடிகாரம் 2002-ஐக் காட்டியது. மென்பொருள் அப்டேட் இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள், வெறும் கையோடு போகாதீர்கள். திறந்த வெளியில் எடுத்த செயற்கைக்கோள் பக்கத்தின் ஃபோட்டோ, மென்பொருள் பதிப்பு எண், கோளாறு எப்போது தொடங்கியது, அதற்கு முன் வண்டியில் என்ன வேலை நடந்தது, இவற்றைக் காட்டுங்கள். பெட்டியை மாற்றுவதற்கு முன்னால் வேறொரு ஆன்டெனாவை மாட்டிப் பார்த்தீர்களா என்று நேராகவே கேளுங்கள். வாரண்டி இருந்தால் டேஷ்போர்டை வெளியே யாரையும் திறக்க விடாதீர்கள்.

மாமா இப்போது டேஷ்கேமைக் கண்ணாடியின் மேல் ஓரத்துக்கு மாற்றி, நல்ல சார்ஜர் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார். பழைய ஸ்டீரியோதான் இன்னும் ஓடுகிறது.